குடைக்குள் பேசிய வசனம்

சட்டைக்கு இஸ்திரி போடும் வேலையை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை. காலர் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும். மைக் முன்னால் நிற்கிறவனின் காலர் தொங்கினால் அவன் சொல்லும் கதையும் தொங்கிவிடும் என்பது அவர் கட்சி.

ஊர் அவருக்கு வைத்த பெயர் 'விளக்கம்'. பின்னால் 'ஐயா' சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. சேர்க்காதவர்கள் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை மதியம் என்றால் தியேட்டரில் இந்திப் படம். வருகிறவர்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. இளம் வயதில் இந்திக்காரர்களோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர் இவர் ஒருவர்தான். திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மைக்கைப் பிடித்து, வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே கிடைக்கும் மூச்சு இடைவெளியில் கதை சொல்வார். அந்த ஊரில் ஒரு தலைமுறையே இந்திப் படத்தை அவர் வாய் வழியாகத்தான் பார்த்தது.

இன்று அந்த முக்காலி கிடையாது. போன வாரம் சினிமா ரசிகர் சங்கத்தார் வீடு தேடி வந்தார்கள். அவர் மென்று விழுங்கிச் சரி என்றார். இனி திரைக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடும். அதை எழுதுகிறவள் வேறு யாருமில்லை, அவருடைய சின்ன மகள். தொலைக்காட்சித் தொடர்களுக்கு அந்த வேலையைச் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். படம் தொடங்கும் முன் இந்தி சினிமாவைப் பற்றி ஐயா ஓர் அறிமுகம் பேசினால் போதும், பிறகு உட்கார்ந்துகொள்ளலாம் என்றார்கள்.

உட்கார்ந்துகொள்ளலாம்! அந்தச் சொல் ஒரு வாரமாக அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

முதல் படமாக அவர்கள் கேட்டதும் அந்தப் படத்தைத்தான். வளைந்த மாடிப்படி உள்ள மாளிகை, பட்டு அங்கி போட்ட பணக்கார அப்பா, லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு போய்விடும் ஒரே மகள். கடைசியில் கொட்டும் மழையில், ஓட்டு வீட்டு வாசலில், ஒரு கறுப்புக் குடைக்கு அடியில் அப்பாவும் மகளும் சந்திப்பார்கள். ஊரே திரும்பத் திரும்பப் பார்த்து அழுத காட்சி அது.

"அப்பா."

சின்னவள் கதவருகில் நின்றாள். தோளில் கம்ப்யூட்டர் பை. முகம் சரியில்லை.

"எல்லாம் எழுதி முடிச்சுட்டேன். உள்ளது உள்ளபடி. கடைசி சீன் மட்டும் இன்னும் போடல."

"ஏன், தூங்கிட்டியா?"

"தூங்கல. என்ன போடறதுன்னு உங்களைக் கேட்டுட்டுப் போடலாம்னு."

"இதுல கேக்க என்ன இருக்கு? நான் மைக்ல சொல்றதைப் போடு. ஊருக்கே மனப்பாடம். 'அப்பா, நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சு வீட்டுக்குள்ள சேர்த்துக்குங்க'ன்னு மகள் கால்ல விழறா."

"அதுல அப்படி இல்லப்பா."

இஸ்திரிப் பெட்டி காலர் மேல் நின்றது.

"மன்னிப்புக் கேக்கறது அந்த அப்பா. 'கதவைச் சாத்தச் சொன்னது நான். குத்தம் என்னோடது. நீ மன்னிக்கலைன்னாலும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்'ங்கறார். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல. அவர் கைத்தடி நழுவி விழுது. அதை எடுக்கத்தான் குனியறா. கேமராவை மேலே வச்சு எடுத்திருக்கான், குடை மறைக்குது. பார்க்கறவங்களுக்குக் கால்ல விழுந்த மாதிரி தெரியுது."

துணி கருகும் வாடை வந்தது. அவர் பெட்டியைத் தூக்கினார். காலர் மடிப்பின் உட்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. மடித்துப் பார்த்தார். வெளியே தெரியவில்லை.

"எனக்கு இந்தி சொல்லிக் கொடுக்கறியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

"படம் எடுத்தவன் குடும்பம் நடத்தத் தெரியாதவன். பெத்தவன் போய்ப் பிள்ளைகிட்டக் கையேந்தறதைக் காட்டினா, பார்க்கறவன் வீடு என்ன ஆகும்? அவன் எடுத்ததை நான் திருத்தினேன். அவ்வளவுதான்."

"படத்தைத் திருத்தினீங்க, சரி. அதை வச்சு அக்காவையும் திருத்தப் பார்த்தீங்களே?"

"அவ பேச்சு இந்த வீட்ல வேண்டாம்."

"இன்னிக்கு அவளே வர்றா. படம் பார்க்க. நான்தான் கூப்பிட்டேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடுவது வழக்கம். இன்று மேலிருந்து தொடங்கினார்.

பெரியவள் போனது அந்தத் தியேட்டரிலிருந்துதான். ஒலிபெருக்கி மாற்ற வந்த மெக்கானிக், இந்திக்காரன். திரைக்குப் பின்னால் அவன் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுவந்த பெரியவள் நின்று பேசியிருக்கிறாள். எந்த மொழியில் பேசினார்கள் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் யாருக்கும் அவர் இந்தி சொல்லிக் கொடுத்ததில்லை. கடைக்காரன் தராசை வாடிக்கையாளர் கையில் கொடுப்பானா? பெரியவள் அந்த மெக்கானிக்கையே கட்டிக்கொண்டு போய், புருஷனிடம் கற்றுக்கொண்டாள். சின்னவள் வேலைக்காக வகுப்புக்குப் போய்ப் படித்தாள். வீட்டில் மொழி தெரியாமல் மிஞ்சியவள் மனைவி ஒருத்திதான். அவளுக்கு எதற்கு மொழி? அவர் இருக்கிறாரே.

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. கடைசி சீனுக்கு என்ன போடப் போறே?"

"நீங்களும் யோசிங்க. நானும் யோசிக்கறேன்" என்று சின்னவள் போய்விட்டாள்.

மனைவி டீயோடு வந்தாள். மோந்து பார்த்தாள்.

"என்னங்க, எதுவோ கருகுது?"

"ஒண்ணுமில்ல."

"சின்னவ புதுசா எழுத்து போடறாளாம். இருக்கட்டும். கடைசி சீன் வரும்போது மட்டும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன். அதைப் பார்த்தாத்தான் எனக்கு அடுத்த தடவை அந்தப் படம் போடற வரைக்கும் தெம்பு."

அவர் டீயை ஊதினார்.

"அந்தப் பொண்ணு எவ்வளவு வீறாப்பாப் போச்சு! வந்து விழலையா? நம்மவ மட்டும் கல்லா என்ன? அதனாலதானே அவ போன் பண்ணினாக்கூட நான் எடுக்கறதில்ல. அந்தப் படத்துல கதவைச் சாத்தற அம்மா மாதிரி நெஞ்சைக் கல்லாக்கிட்டு இருக்கேன். நான் இளகினா அவ வரமாட்டா. இல்லீங்களா?"

"ஆமா" என்றார் அவர். டீ சுட்டது.

தியேட்டர் வாசலில் கேட்காரர் நின்றிருந்தார். அவரும் இவரும் ஒன்றாக நரைத்தவர்கள்.

"என்ன விளக்கம் ஐயா, இன்னிக்கு உங்க வாய்க்கு லீவாமே?"

"வாய்க்கு லீவு விடலாம். மூளைக்கு லீவு விட்டவனைத்தான் கேட்ல நிறுத்தியிருக்காங்க."

கேட்காரர் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது.

"பெரிய பாப்பா வந்திருக்குங்க. கடைசி வரிசை, ஓரத்து சீட்டு. உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட டிக்கெட் கேக்கறதான்னு நான் கேக்கல."

"கேட்டிருக்கணும்" என்றார் அவர். "டிக்கெட் இல்லாதவங்களை உள்ளே விட இது என்ன சத்திரமா?"

உள்ளே போகும்போது கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. காதுக்குப் பின்னால் யாரோ கையை வைத்த மாதிரி ஓர் உணர்வு.

அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி, மடியில் கைக்குட்டையோடு. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் முன்னால். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பெரியவங்களுக்கு வணக்கம். புதுசா வந்திருக்கற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இந்திப் படத்துக்கு வந்தா செருப்பைக் கழட்டற மாதிரி சந்தேகத்தையும் வெளியே கழட்டி வச்சுட்டு வரணும். ஒரே பாட்டுல கதாநாயகிக்குப் புடவை எத்தனை நிறம் மாறுதுன்னு எண்ணாதீங்க. அந்தப் பனிமலைக்கு அத்தனை புடவையை யார் தூக்கிட்டுப் போனாங்கன்னும் கேக்காதீங்க. சந்தோஷத்துக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டாம்."

சிரிப்பு எழுந்தது. அவருக்கு உடம்பில் சூடு ஏறியது.

"மழை வந்தா நாம கதவைச் சாத்துவோம். அவங்க மழை வந்தாத்தான் வெளியே வருவாங்க. நாம மனசுல இருக்கறதை மென்னு முழுங்குவோம். அவங்க அதையே பாட்டாப் பாடுவாங்க, பின்னால நூறு பேர் ஆடுவாங்க. ஒருத்தன் துக்கத்துக்கு நூறு பேர் சேர்ந்து ஆடற ஊர் வேற எங்க இருக்கு? ஒரே டிக்கெட்ல அழுகை, சண்டை, கல்யாணம், கோர்ட்டு, கோமாளி எல்லாம் உண்டு. அரைமணி அழவச்சான்னா அடுத்த நிமிஷம் தொப்பையை ஆட்டிக்கிட்டு ஒரு மாமா வந்து சிரிக்க வைப்பார். வாழ்க்கையில அந்த மாமா வரமாட்டார். அதனாலதான் இங்க வர்றோம்."

முன்வரிசை கைதட்டியது.

"நான் எத்தனையோ வருஷமா வசனத்துக்கு விளக்கம் சொல்றேன். பாட்டுக்குச் சொன்னதே இல்ல. தேவையில்ல. இன்னொரு ரகசியம் சொல்லவா? மொழி புரியாததுல பாதி சுகம் இருக்கு. அங்க ஒரு அம்மா அழுதா, அவ என்ன சொல்றான்னு தெரியாததால, நம்ம அம்மா சொன்னதாவே நினைச்சுக்கறோம். இன்னொண்ணு, அந்தப் படங்கள்ல தொலைஞ்ச பிள்ளை கிடைச்சே தீரும். திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சாலும், ஆத்துல போனாலும், கோவிச்சுக்கிட்டுப் போனாலும்..."

அந்த இடத்தில் அவர் நிறுத்தி ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"...கடைசி ரீல்ல கிடைச்சுடும். பாருங்க" என்று முடித்துவிட்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மைக்கை வாங்கிக்கொள்ள வந்த சங்கத்துப் பையனிடம் அதைக் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

படம் ஓடியது. எழுத்து ஓடியது. தன் குரல் இல்லாமல் அந்தப் படத்தை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. தன் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதைத் தெருவில் நின்று பார்ப்பது போலிருந்தது. மாமா வந்தார், ஜனம் சிரித்தது. பனிமலையில் பாட்டு வந்தது, ஜனம் தாளம் போட்டது. தான் இல்லாவிட்டாலும் சிரிக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார்.

இடைவேளைக்கு முன்னால் அந்தக் கதவுக் காட்சி. மகள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். அம்மா அழுதுகொண்டே ஏதோ சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். 'அப்பா கால்ல விழுந்துட்டு உள்ளே வா, அதுவரைக்கும் இந்தக் கதவு திறக்காது' என்பது அவருடைய விளக்கம்.

திரைக்கு அடியில் வேறு எழுத்து வந்தது.

'நான்தான் இந்த வீட்டில் மாட்டிக்கொண்டேன். நீயாவது தப்பித்துப் போ. திரும்பிப் பார்க்காதே.'

மனைவியின் உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இது வேற மாதிரி போட்டிருக்கே?"

"சின்னவளுக்கு அனுபவம் பத்தாது" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இடைவேளையில் அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. மழை. ஓட்டு வீடு. கறுப்புக் குடை. அந்தப் பணக்கார அப்பா குடையை மகள் தலைக்கு மேல் நீட்டி, வாயைத் திறந்து பேசினார்.

திரைக்கு அடியில் எழுத்து வரவில்லை.

ஜனம் காத்திருந்தது. "எழுத்து எங்கே?" என்றது ஒரு குரல். "மிஷின் நின்னு போச்சா?" என்றது இன்னொன்று. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "விளக்கம் ஐயா! நீங்களே சொல்லுங்க!"

"ஐயா, சொல்லுங்க! ஐயா!"

அவர் திரும்பி மேலே பார்த்தார். புரொஜெக்டர் அறையின் சின்ன ஜன்னலில் சின்னவளின் தலை தெரிந்தது. மிஷின் நிற்கவில்லை. அவள் நிறுத்தியிருக்கிறாள். எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அதை அவர் வாயிடம் ஒப்படைத்திருக்கிறாள். அவள் யோசித்து முடித்துவிட்டாள். இனி யோசிக்க வேண்டியவர் அவர்தான்.

எழுந்து நின்றார். மைக்கின் பொத்தானை மேலே தள்ளினார்.

திரையில் அந்த அப்பாவின் வசனம் ஒவ்வொரு சொல்லாக அவர் காதில் விழுந்தது. கதவைச் சாத்தச் சொன்னது நான். குற்றம் என்னுடையது. அப்படியே எடுத்துச் சொல்வது ஒரு மூச்சு வேலை. கடைசி வரிசை இருட்டில் ஓர் உருவம் இருக்கையின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி. சுற்றிலும் ஊர். ஐயா என்று கூப்பிடுகிற ஊர்.

நாக்கின் நுனிவரை வந்தது.

"'அப்பா'" என்றார் அவர், தன் மிகச் சிறந்த குரலில். "'நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சு வீட்டுக்குள்ள சேர்த்துக்குங்க.' மகள் கால்ல விழறா. பெத்த மனசு, பொறுக்குமா? அள்ளி அணைச்சுக்கறார்."

அரங்கம் விம்மியது. புதிதாக வந்த இளைஞன் ஒருவன்கூடக் கண்ணைத் துடைத்தான். மனைவியின் கைக்குட்டை மட்டும் மடியிலேயே கிடந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்ததும் கூட்டம் அவரைச் சூழ்ந்தது. "என்ன இருந்தாலும் உங்க வாய் மாதிரி வருமா, ஐயா!" என்றார்கள். திடீரென்று பேச்சு அடங்கியது. கூட்டம் நடுவில் வழி விட்டது. பெரியவள் வந்துகொண்டிருந்தாள்.

காதோரம் ஒரு கற்றை நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியாது.

"ஐயா வீட்டுப் பெரிய பொண்ணு இல்ல?" என்று கூட்டம் கிசுகிசுத்தது. எவனோ ஒருவன் துணிந்து, "விழும்மா, படத்துல வந்த மாதிரியே" என்றான். நான்கு பேர் ஆமோதித்தார்கள்.

அவர் தன்னையறியாமல் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

மனைவியின் கை பெரியவளை நோக்கிப் பாதி தூரம் நீண்டது. அப்படியே நின்றது. முதலில் விழ வேண்டுமே. விழுந்த பிறகுதானே தொடலாம். இத்தனை வருஷம் பிடித்த பிடியைக் கடைசி நிமிஷத்தில் விட்டுவிடக் கூடாதே.

பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவை நேராகப் பார்த்து இந்தியில் பேசினாள். சரளமான, வீட்டில் புழங்குகிற இந்தி. மொழி தெரியாதவர்களுக்குக் கெஞ்சுவது போலக் கேட்டிருக்கும். அவ்வளவு தணிந்த குரல்.

அவள் சொன்னது இதுதான்: "நீங்கள் இன்று உண்மையைச் சொல்வீர்கள் என்று தங்கை சொன்னாள். நம்பி வந்தேன். இந்தப் படத்தை என் வீட்டில் நான் பார்த்தாயிற்று, அப்பா. இத்தனை பேர் முன்னால் தமிழில் பேசினால் உங்கள் மானம் போய்விடும், அதனால் இந்தியில் பேசுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அம்மாவை மட்டும் இனிமேல் ஏமாற்றாதீர்கள்."

ஒரு கணம் நின்றாள். அவள் திரும்பி, வந்த வழியே நடந்து, கேட்காரரைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

"என்ன சொன்னா?" என்றாள் மனைவி.

ஊர் காது தீட்டி நின்றது. அவருடைய மானத்தைக் காப்பாற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், யார் போனதால் மானம் போயிற்று என்று அவர் சொல்லிவந்தாரோ அவள்.

"மன்னிப்புக் கேட்டா" என்றார் அவர்.

"கேட்டாளா?"

"கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னு..."

"நீங்க வாயே திறக்கலையே." மனைவி வாசலைப் பார்த்தாள். "மன்னிப்புக் கேட்டவ இப்படியா நிமிர்ந்து நடந்து போவா? விழவே இல்லையே அவ?"

புரொஜெக்டர் அறையின் படிகளில் இறங்கிச் சின்னவள் வந்து நின்றாள். அக்கா பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் சின்னவளைப் பார்த்துக் கண்ணால் ஒரு தடவை வேண்டாம் என்றார். வாழ்நாளில் பிள்ளைகளிடம் அவர் எதையும் கண்ணால் கேட்டதில்லை. கழுத்து வியர்த்து, காலர் மடிப்பு நிமிர்ந்திருந்தது. உள்ளே இருந்த பழுப்புக் கறை விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

மனைவி அதைப் பார்த்தாள். சரிசெய்யக் கை நீட்டவில்லை. சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"நீ இந்தி படிச்சவதானே. உன் அக்கா என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லு. மெதுவாச் சொல்லு, ஒரு வார்த்தை விடாம சொல்லு. நடுவுல உங்க அப்பாவைப் பேச விடாதே."

சின்னவள் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள்.